முழங்கால் உறையும் அதன் அளவும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் காப்பியச் சுவையையும் மொழியின் தொன்மையையும் இனிக்க இனிக்க எடுத்துரைத்து அமர்ந்தனர். அவ்விருந்துக்குப் பின்னர் முழங்காலில் மாட்டும் ஓர் உறையைப் பற்றிப் பேச எழுவது, பாயசம் உண்டவர்க்குச் சுக்குக் கஷாயத்தை நீட்டுவது போன்றது என்பதை அறிவோம். நாம் மருத்துவரல்லோம், உடற்பயிற்சி ஆசானும் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய்ச் சேர்ந்து, பார்சல்களை நிறுப்பதும் அளப்பதும் பேரேட்டில் பதிவதுமாய் இருபதாண்டுகளைக் கழித்தவர். அளவில் பிழை நேர்ந்தால் யாருக்கு இழப்பு என்பதை மட்டும் தொழில் எமக்கு நன்கு கற்பித்திருக்கிறது. அந்தத் தகுதி ஒன்றைக் கொண்டே பேச வந்தோம். நம் வீட்டிலும் அளவுப் பிழை ஒன்று நேர்ந்தது. அதனையும் மறையாமல் சொல்லுவோம்.

முழங்கால் என்பது நம்மவர்க்கு எத்தகைய செல்வம் என்பதை மட்டாஞ்சேரியில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. பசார் ரோட்டின் பண்டகசாலைகளில் மிளகு மூட்டையும் அரிசி மூட்டையும் சுமப்பவன் முழங்காலை நம்பி வாழ்கிறான். இங்கிருந்து சிறிது தொலைவில், ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவில், தலைமுறை தலைமுறையாய்த் தமிழ்க் குடும்பத்தார் தொட்டியருகே நின்று துணி துவைக்கின்றனர்; அவர்களும் அவ்வாறே. நாமோ எர்ணாகுளம் நிலையத்தின் படிகளை நாள்தோறும் ஏறி இறங்குகிறோம். கை சோர்ந்தால் ஒரு நாள் வேலை கெடும். முழங்கால் கெட்டால் குடும்பமே உட்கார்ந்துவிடும்.

முன்னாளில் நம் இளைஞர் தண்டாலும் பஸ்கியும் எடுத்தனர், கரளாக்கட்டை சுழற்றினர். இன்று தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக்கூடம் வந்துவிட்டது. இரும்புத் தண்டில் தட்டுகளைப் பூட்டி, தோளில் ஏற்றி, உட்கார்ந்து எழுகின்றனர். அதனை ஸ்குவாட் என்கின்றனர். சுமையோடு கூடிய பஸ்கி என்று நாம் கொள்ளலாம். இதனை நாம் குறை கூற மாட்டோம். மாலை நேரத்தில் படகுத்துறையில் வீண் பேச்சுப் பேசி நிற்பதைவிட இஃது ஆயிரம் மடங்கு நன்று. நம் பெண்மக்களும் செல்லத் தொடங்கியுள்ளனர். சிட்னியில் 2000-ஆம் ஆண்டில் கர்ணம் மல்லேசுவரி வெண்கலம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, அந்நாளில் வடகிழக்கு எல்லை இரயில்வேயில் பணியாற்றியவர். இவர்களைக் கண்ட பின்னரும் பெண்ணுக்குப் பளு ஆகாது என்று சொல்லுவாருண்டோ?

இனி உறைக்கு வருவோம். நீ ஸ்லீவ் என்று கடையில் கேட்டால் தருவார்கள். இரு புறமும் திறந்த குழாய் போன்றது. காலிலே நுழைத்து முழங்காலின்மேல் நிறுத்த வேண்டும். நல்லவை நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பரால் ஆனவை. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலார் கண்டுபிடித்த பொருள் இது. இதனுள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் உடற்சூடு வெளியேறாது. கடலில் மூழ்குவோர் இதனாலான ஆடை அணிவதும் அதற்காகவே. முழங்காலில் அணியும்போது மூட்டு வெதுவெதுப்பாய் இருக்கிறது. சுற்றிலும் ஓர் இறுக்கம் கிடைக்கிறது. மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்னும் உணர்வு தோலின் வாயிலாக மிகுகிறது. தடித்த உறையாயின், ஆழ உட்கார்ந்து எழும்போது சுருங்கிய இரப்பர் விரிந்து சிறிது உந்துதலும் தருகிறது.

அது செய்யும் வேலை இவ்வளவே. காலைத் தவறாக வைத்து முறுக்குவோனை அது காவாது. கிழிந்த தசைநாரை ஒட்டாது. இதனைக் கவசம் என்று எண்ணிக்கொண்டு, நேற்று 60 கிலோ தூக்கியவன் இன்று 90 கிலோவைத் தோளில் ஏற்றுவானாயின், பழி உறையின்மேல் அன்று.

இனி எம் வீட்டுக் கதை. எம் தமக்கையாரின் மகன் பளுதூக்குவதில் ஈடுபாடு உடையவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயில் ஒரு வேலை கிடைக்குமென்பது அவன் கனவு. அவனைவிட அவன் தாயின் கனவு என்று சொல்லுவதே பொருந்தும். அவ்வொதுக்கீட்டுக்கு 25 வயது வரம்புண்டு. அவனுக்கோ 23 முடிந்திருந்தது. அவன் பிறந்தநாளுக்கு ஏதேனும் உதவியாய்த் தரவேண்டுமென்று எண்ணி, நல்ல விலையில் ஓர் இணை உறை வாங்கினோம். அளவு யாதென்று கேட்க, அவன் இடுப்பளவைக் கொண்டு கால்சட்டை வாங்குவது போல ‘மீடியம்’ என்றோம். ஒல்லியான பையன் அல்லவா என்பது எம் கணக்கு. இருபதாண்டு பார்சல் அளந்தவர் செய்த காரியம் இது.

உறை வந்தது. அவன் அதனைக் காலில் ஏற்றுவதற்குள் வியர்த்துவிட்டான். ஏற்றிய பின்னரும், மாமா தந்தது என்னும் மரியாதைக்காக, பயிற்சி நேரம் முழுதும் கழற்றாமலே இருந்தான். மூன்றாம் நாள் அவன் தாய் எம்மை அழைத்து, “தம்பி, பிள்ளைக்குப் பாதம் மரத்துப்போகுதாம், வந்து பார்” என்றார். சென்று பார்த்தோம். தொடையிலும் கெண்டைக்காலிலும் உறையின் விளிம்பு பதிந்து சிவந்த வளையமாய் நின்றது. அன்றே ஓர் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு மறுநாட் காலையில் அவன் வீட்டுக்குச் சென்றோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது.

அளக்கும் முறையைச் சற்று விரிவாய்ச் சொல்ல விரும்புகிறோம். பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. தையற்காரரின் துணிநாடாவே ஏற்றது. தச்சரின் இரும்புநாடா வளைவில் படியாது. துணிநாடா பழையதாயின் நீண்டிருக்கும். ஆதலின் பள்ளிப்பிள்ளையின் 30 செ.மீ. அளவுகோலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க. காலை நேரத்தில், பயிற்சிக்கு முன்னர் அளக்க வேண்டும். நாள் முழுதும் நின்றவனுக்கும் பயிற்சி முடித்தவனுக்கும் கால் பருத்திருக்கும். கால்சட்டையின்மேல் வைத்து அளத்தல் கூடாது. காலை நேராக நீட்டி, தசையை இறுக்காமல் தளரவிட்டு, முழங்கால் சில்லின் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தலாகாது. பின்புறம் நாடா தாழ்ந்துவிடுவது வழக்கம். ஆதலின் பிறர் ஒருவர் அளப்பது நன்று. இளைஞர் சிலர் அளக்கும்போது தொடையை முறுக்கிக் காட்டுகின்றனர். நாடாவுக்கு வீரம் காட்டுவதில் பயன் யாது?

ஒன்றை மறத்தல் வேண்டா. எல்லா உற்பத்தியாளரும் ஒரே இடத்தில் அளக்கச் சொல்வதில்லை. சிலர் சில்லின் நடுவே என்கின்றனர். சிலர் சில்லுக்குக் கீழே 10 செ.மீ. தள்ளிக் கெண்டைக்காலையும், மேலே 10 செ.மீ. தள்ளித் தொடையையும் கேட்கின்றனர். சிலர் காலைச் சிறிது மடக்கி அளக்கச் சொல்லுகின்றனர். எவருடைய உறையை வாங்குகிறோமோ அவருடைய அட்டவணையைப் பார்த்து, அவர் சொல்லும் இடத்திலேயே அளக்க வேண்டும். ஒருவரின் ‘மீடியம்’ மற்றொருவரின் ‘லார்ஜ்’ ஆக இருத்தலும் உண்டு. அட்டவணை அங்குலத்தில் இருப்பின் ஓர் அங்குலத்துக்கு 2.54 செ.மீ. என்று கணக்கிடுக.

இவ்விடத்தில் எம் இலாகாவின் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1902-ஆம் ஆண்டில் ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் போடப்பட்ட பாதை மீட்டர் பாதை. தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. மதராசிலிருந்து ஷோரனூர் வரை வந்ததோ அகலப்பாதை; அதன் இடைவெளி 1676 மி.மீ. வண்டி எத்துணை உறுதியானதாயினும் ஷோரனூரைத் தாண்டி ஓர் அடி நகராது. சரக்கு அனைத்தையும் இறக்கி மாற்றி ஏற்றினார்கள். 1930-களின் நடுவில் அகலப்பாதையான பின்னரே அத்தொல்லை நீங்கியது. விலையுயர்ந்த உறையை அளவு பாராமல் வாங்குவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே கால் வந்து நின்றால் யாது செய்வது? அன்றாடப் பயிற்சிக்குப் பெரியதையே வாங்குக என்பது எம் கருத்து. போட்டியில் ஓரிரு முறை மட்டும் பெரும்பளுவைத் தூக்கி உடனே கழற்றிவிடுவோர் சிறியதைத் தேர்வதுண்டு. பழகியவர்க்கு அது பொருந்தும். புதிதாய்த் தொடங்கும் பையன் அவர்களைப் பார்த்துச் சிறியதை வாங்குதல், மாமனாரின் மூக்குக்கண்ணாடியை மருமகன் மாட்டிக்கொள்வது போன்றதாகும்.

தடிப்பும் அளவைச் சார்ந்ததே. 3 மி.மீ. உறை ஓடுவோர்க்கும் மெல்லிய பயிற்சிக்கும், 5 மி.மீ. பலவகைப் பயிற்சிக்கும், 7 மி.மீ. பெரும்பளுவுக்கு. தடித்த உறை நீளாது. ஆதலின் அதில் ஒரு செ.மீ. பிழைத்தாலும் கால் உடனே சொல்லிவிடும். வலுதூக்கும் போட்டிக்குச் செல்வோர் பன்னாட்டுச் சம்மேளனத்தின் விதியையும் அறிந்திருக்க வேண்டும். உறை 7 மி.மீ.க்கு மேல் தடித்திருத்தலும், 30 செ.மீ.க்கு மேல் நீண்டிருத்தலும் கூடாது. மேலே போட்டி உடையையோ, கீழே காலுறையையோ அது தொடுதலும் ஆகாது. ஆறு மாதம் உழைத்துச் சென்றவன் உறையின் நீளத்தால் மேடையோரத்தில் திகைத்து நிற்பது எவ்வளவு வருத்தமான காட்சி!

சரியான அளவு என்பதை எங்ஙனம் அறிவது? மாட்டும்போது சிறிது முயற்சி வேண்டும். ஆனால் இருவர் சேர்ந்து இழுக்க வேண்டியிருத்தல் கூடாது. அகன்ற வாய் மேலே தொடைப்புறம் இருக்க வேண்டும். உறையின் நடு சில்லின்மேல் நிற்க வேண்டும். பத்து முறை உட்கார்ந்து எழுக. உறை நழுவிக் கீழிறங்கினாலும், முழங்காலின் பின்புறம் மடிந்து குவிந்தாலும் அது பெரிது. பாதம் மரத்தல், விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, பாதத்தின் நிறம் மாறுதல், கெண்டைக்கால் விம்முதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே கழற்றுக, அது சிறிது. நாளடைவில் இளகும் என்று கடைக்காரர் சொல்லுவார். இளகுவது உண்மை, அதுவரை பாதத்தை மரக்கவிட வேண்டுமென்று யார் விதித்தார்? பளுவேற்றும் நேரத்தில் மட்டும் மேலே ஏற்றி, இடையிடையே கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொள்வதே நல்ல வழக்கம். அதனோடு உறங்குதல் அறவே கூடாது.

மீண்டும் எம் மருமகனிடம் வருவோம். நாடாவை எடுத்து வலக்காலை அளந்தோம், 37 செ.மீ. அட்டவணைப்படி ‘லார்ஜ்’. எம் பிழை அப்போதே வெளிப்பட்டது. இடக்காலும் அதுவேயாகும் என்று நாடாவைச் சுருட்டப் போனோம். பழக்கத்தின் காரணமாக, எடைபோட்டதை மறுமுறை சரிபார்ப்பது போல, அதனையும் அளந்தோம். 38½ செ.மீ. நாடா நழுவியதோ என்று மீண்டும் அளந்தோம், அதே அளவு. இரு கால்களுக்கும் சிறு வேறுபாடு எவர்க்கும் இருக்கலாம். ஆனால் ஒன்றரை செ.மீ. வேறுபாட்டைக் கண்டு எமக்கு மனம் ஒப்பவில்லை. உற்று நோக்கியபோது, இடது முழங்கால் சில்லின் இருபுறமும் இருக்க வேண்டிய பள்ளம் தூர்ந்திருந்தது.

பையன் தலை கவிழ்ந்தான். ஒரு மாதத்துக்கு முன்னர் மழையில் படகுத்துறைப் படியில் கால் முறுகியதாம். தேர்வு நெருங்குகிறதே என்று எவரிடமும் சொல்லவில்லை. சில வேளை முழங்கால் மடங்கியபடியே பூட்டிக்கொள்ளுமாம். உறை மாட்டினால் வலி தெரியவில்லை என்றான். நாம் வாங்கித் தந்த குறுகிய உறை வீக்கத்தையும் வலியையும் ஒருங்கே மறைத்து, அவனை மேலும் பளு தூக்கச் செய்திருக்கிறது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். படம் எடுத்துப் பார்த்து, தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே மெத்தை போன்றிருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பில் சிறு கிழிசல் என்றார். இதே நிலையில் பளுவேற்றி வந்தால் கிழிசல் பெரிதாகலாம் என்றும் சொன்னார். அறுவை வேண்டியிருக்கவில்லை, ஓய்வும், பிசியோதெரபிப் பயிற்சியும் விதித்தார். அவ்வாண்டுத் தேர்வு கைநழுவியது. தமக்கையார் எம்மிடம் ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். இரயில்வேயில் சேர்வோர்க்கு உடற்தகுதிச் சோதனை உண்டென்பதை நாமே பலமுறை அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பயமே அவனை மறைக்கச் செய்தது என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தை நம் இளைஞர் அறிவர். இரயில்வேயின் சார்பிலும் பளுதூக்கியவர். 2014-இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்டில் 317 கிலோவுடன் மீண்டும் தங்கம். இரண்டாம் வெற்றிக்கு முன்னர்த் தேசியப் போட்டியில் அவர் தொடைத்தசையில் காயமுற்றிருந்தார். அதனை அவரே வெளிப்படையாய்ச் சொன்னார். எம் மருமகனுக்கு இச்செய்தியைச் சொன்னோம். அவர் பெரியவர், அவருக்குப் பயிற்சியாளர் உண்டு, மருத்துவர் உண்டு, எனக்கு யார் என்றான். அதற்கு எம்மிடம் விடையில்லை. நம் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த ‘யார்’ நாமேயாதல் வேண்டும் என்பதற்காகத்தான் இன்று இம்மேடையில் நிற்கிறோம். பெற்றோரே, பையன் உறை கேட்டால் பணத்தை மட்டும் எடுத்துத் தராதீர்கள். இரு கால்களையும் அளவுங்கள். வேறுபாடு புதிதாய்த் தோன்றினால், தொட்டால் சூடாயிருந்தால், பூட்டிக்கொள்கிறது என்றால், கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் செல்லுங்கள். ‘ஏன் சொல்லவில்லை?’ என்று முதலில் அடிக்காதீர்கள்.

மூத்தோர்க்கு ஒரு வார்த்தை. பேரன் கழற்றி வைத்த உறையை மூட்டுவலிக்காகப் பாட்டி மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் பெருகி வருகிறது. பயிற்சி உறை வேறு. மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர் தரும் உறை வேறு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்க்கு இறுக்கம் தெரியவே தெரியாது. காலில் நரம்பு சுருண்டு புடைத்தவர்க்கும் தீங்கு நேரலாம். கேளாமல் அணிதல் வேண்டா. நியோப்ரீன் சிலர்க்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். அவர்கள் நெய்த உறையைத் தேடுக.

நம் ஊர் மழைக்காலத்தில் உறை நாறும், இதனை மறைப்பதற்கில்லை. இடவப்பாதி தொடங்கினால் எதுதான் உலர்கிறது? குளிர்ந்த நீரில் மெல்லிய சோப்பிட்டுக் கையால் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில், விசிறியின் கீழ்க் காயவிடுக. வெயிலும் கொதிநீரும் இரப்பரைக் கெடுக்கும். ஈரத்தோடு பையில் திணித்தால் படர்தாமரை வரலாம். அடுத்தவன் உறையை இரவல் வாங்குவோர்க்கு அதுவும் இரவலாய் வரும்.

மருமகனைப் பற்றிக் கேட்பீர்கள். இவ்வாண்டு மருத்துவர் இசைவு தந்துள்ளார். குறைந்த எடையில் மீண்டும் தொடங்கியிருக்கிறான். வயது வரம்புக்குள் இன்னும் ஒரு தேர்வு உண்டு. இரு கால்களும் இப்போது 37 செ.மீ. நிற்கின்றன, ஞாயிறுதோறும் அளந்து, தேதியிட்டு, ஒரு பழைய பேரேட்டில் பதிந்து வருகிறோம். அவன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

இறுதியாகச் செயலாளரின் இசைவோடு ஓர் அறிவிப்பு. சங்க நூல்நிலையத்து மேசையின் இரண்டாம் இழுப்பறையில் ஓர் அளவு நாடாவும் அளவுகோலும் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை நாமும் அங்கிருப்போம். பெண்பிள்ளைகளுக்கு அளக்க மாதர் பிரிவினர் உதவுவர். எடுத்த நாடாவை அங்கேயே திருப்பி வைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம். முதலில் வைத்த நாடா இன்னும் திரும்பி வரவில்லை.